ஷில்லான் கைதியும் மற்றவர்களும்

பழைய கட்டடங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். கட்டடத்துக்காகவே போய்ப் பார்க்கிறவை ஒரு வகை. யாரோ ஒரு கவியோ நாவலாசிரியனோ எழுதிவிட்டான் என்பதற்காகப் போய்ப் பார்க்கிறவை இன்னொரு வகை. முதல் வகையில் கல்லைப் பார்த்துவிட்டு வந்து அதைப்பற்றி எழுதியதைத் தேடுகிறோம். இரண்டாவது வகையில் எழுத்து நம் மனத்தில் முன்பே குடியேறிவிட்டது. எழுதியது சரிதானா என்று ஒத்துப்பார்க்கத்தான் கல்லைத் தேடிப் போகிறோம். ஸ்விட்ஸர்லாந்தில் ஜெனீவா ஏரியின் கிழக்குக் கோடியில் நிற்கும் ஷில்லான் கோட்டை இந்த இரண்டாவது வகை. ஆண்டுதோறும் அங்கே வருகிற லட்சக்கணக்கான பேரில் பைரனின் கவிதையைப் படித்தவர்கள் மிகச் சிலராகவே இருக்கவேண்டும். ஆனால் படிக்காதவர்களையும் அங்கே இழுத்து வருவதில் அந்தக் கவிதைக்குப் பெரும் பங்கு உண்டு. இலக்கியத்தின் செல்வாக்குக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அந்தச் செல்வாக்கு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி.

ஷில்லான் இருப்பது வோ என்னும் மாகாணத்தில். பிரெஞ்சு பேசும் நாடு. ஏரியின் வடகரையில் பெரும்பகுதி அதற்குச் சொந்தம். அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு கோட்டை வாசலில்தான் விழவேண்டும். மார்ஜ் கோட்டையில் ராணுவ மியூஸியம். பீரங்கிகளிலும் சீருடைகளிலும் ஆசையுள்ளவர்கள் பார்க்கலாம். நியோன் கோட்டையில் ஒரு காலத்தில் அந்த ஊரிலேயே செய்த பீங்கான் சாமான்கள். இன்னொரு ஏரிக்கரையில் இருக்கும் கிரான்ஸோன் கோட்டை மிகவும் அழகானது. 1476இல் பர்கண்டிப் பிரபு சார்ல்ஸ், சரணடைந்த காவல் படையினர் 400 பேருக்கு மேல் தூக்கில் போட்டும் தண்ணீரில் முக்கியும் கொன்றார் என்பதை மறந்துவிட்டுப் பார்த்தால் இன்னும் அழகாக இருக்கும். எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு போனால் இது வழிகாட்டிப் புத்தகமாகிவிடும். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஷில்லான், பிராஞ்ஜான், லோஸான் நகரத்துப் போல்யூ. மூன்றுக்கும் பிரெஞ்சில் ஷாத்தோ என்று ஒரே பெயர். நாம் முதலாவதைக் கோட்டை என்போம், இரண்டாவதை அரண்மனை என்போம், மூன்றாவதைப் பணக்காரர் வீடு என்போம். இலக்கியத்தைப்பற்றி நினைக்கிறவனுக்கு மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதில் லாபம் உண்டு.

மலை நேராக ஏரிக்குள் இறங்குகிற இடத்தில் ஷில்லான் இருக்கிறது. மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு பாதைக்குத்தான் இடம். இத்தாலியிலிருந்து பெரிய ஸென்ட் பெர்னார்ட் கணவாயைத் தாண்டி வடக்கே போகிற வியாபாரி இந்தப் பாதையில்தான் வரவேண்டும். கரையை ஒட்டி, ஒரு சின்னப் பாலத்தின் தூரத்தில், தண்ணீருக்குள் ஒரு பாறை. அந்தப் பாறையைப் பிடித்தவன் பாதையைப் பிடித்தான். 1150இலேயே ஸவாய்ப் பிரபுக்கள் அதைப் பிடித்திருந்தார்கள் என்பதற்குப் பத்திரம் இருக்கிறது. பதிமூன்றாம் நூற்றாண்டில் அதைப் பெரிதாக்கி இப்போதைய உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். கரைப் பக்கம் பார்த்தால் அம்பு எய்யும் துவாரங்கள், கொத்தளங்கள். ஏரிப் பக்கம் பார்த்தால் வேலைப்பாடு செய்த ஜன்னல்கள். வருகிறவனிடம் ஒரு முகம், தனக்கென்று ஒரு முகம். சுருக்கமாகச் சொன்னால் ஷில்லான் ஒரு சுங்கச்சாவடி. சுங்கச்சாவடி என்று சொன்னால் யாரும் டிக்கட் வாங்கிக்கொண்டு பார்க்க வரமாட்டார்கள். கைதி என்று சொன்னால் வருகிறார்கள்.

கைதியின் பெயர் பிரான்ஸ்வா பொனிவார். ஜெனீவாவில் ஸென்ட் விக்தர் மடத்தின் தலைவராக இருந்தவர். ஸவாய்ப் பிரபு ஜெனீவாவை விழுங்கப் பார்த்தபோது நகரத்தார் பக்கம் நின்றார். 1530இல் வழியில் மடக்கிப் பிடித்து ஷில்லானுக்குக் கொண்டுவந்தார்கள். முதல் இரண்டு வருஷங்கள் அவரை மரியாதையாகவே வைத்திருந்தார்கள். பிறகு பிரபு வந்து பார்த்துவிட்டுப் போனார். அதன்பின் கீழே நிலவறைக்கு இறக்கிவிட்டார்கள். அங்கே நான்கு வருஷம். 1536 மார்ச் மாதக் கடைசியில் பெர்ன் நகரத்துப் படை தரையிலும் தண்ணீரிலும் வந்து கோட்டையைப் பிடித்தது. பொனிவார் வெளியே வந்தார்.

280 வருஷங்கள் கழித்து, 1816 ஜூன் மாதக் கடைசியில், பைரன் அந்த நிலவறைக்குள் இறங்கினார். மனைவியைப் பிரிந்து, இங்கிலாந்தின் வசைகளையெல்லாம் சுமந்துகொண்டு, இனித் திரும்புவதில்லை என்று புறப்பட்டு வந்த வருஷம் அது. கூட வந்தவர் ஷெல்லி. ரூஸோவின் நாவலில் வருகிற இடங்களைப் படகில் போய்ப் பார்ப்பது அவர்கள் உத்தேசம். அந்த நாவலின் கதாநாயகி ஜூலி, தண்ணீரில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றக் குதித்து, அதனால் நோய்ப்பட்டு இறப்பதற்குக் காரணமான சம்பவம் ஷில்லான் பக்கத்தில்தான் நடக்கிறது. ஆகவே பைரனையே அங்கே கொண்டுவந்தது ஒரு புத்தகம்தான். முந்தின வருஷம் ஜாவாவுக்குக் கிழக்கே தம்போரா எரிமலை வெடித்துத் தூசி வானத்தை மூடியதால் ஐரோப்பாவில் அந்த ஆண்டு கோடையே வரவில்லை, ஓயாத மழை. மழை அவர்களை லோஸானுக்குக் கீழே உஷி என்னும் துறையில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் கட்டிப் போட்டது. அங்கே உட்கார்ந்து பைரன் ‘ஷில்லான் கைதி’யை எழுதினார்.

கவிதையில் கைதியே பேசுகிறான். மதத்துக்காகத் தகப்பன் நெருப்பில் செத்தான். மூன்று சகோதரர்கள் மூன்று தூண்களில் சங்கிலி போட்டுக் கட்டப்பட்டிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பேச மட்டும் முடியும். இருவர் சாகிறார்கள். மிஞ்சினவன் ஒரு பறவையின் குரலைக் கேட்கிறான். சுவரில் ஏறி ஜன்னல் வழியே மலைகளையும், ஏரிக்குள் மூன்றே மரங்கள் நிற்கிற ஒரு சின்னத் தீவையும் பார்க்கிறான். விடுதலை வரும்போது அவனுக்குச் சந்தோஷம் இல்லை. சிலந்திகளும் எலிகளும் சங்கிலியும் அவனுக்குச் சிநேகிதமாகிவிட்டன. பெருமூச்சோடுதான் வெளியே வருகிறான்.

பொனிவாருக்கு அப்படிச் சாகும் சகோதரர்கள் இல்லை. தகப்பனார் நெருப்பில் சாகவில்லை. கவிதையில் நிலவறை ஏரியின் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வாஸ்தவத்தில் தரை தண்ணீருக்கு மேலேதான் இருக்கிறது. உயர்ந்த வளைவுகள் தாங்கிய, கோயில் மண்டபம் போன்ற இடம். மத்தியான வேளையில் ஏரியின் ஒளி சின்ன ஜன்னல்கள் வழியே வந்து மேல் வளைவில் நெளிகிறது. பொனிவாரின் சரித்திரம் அப்போது தமக்குப் போதுமான அளவு தெரியாது என்று பைரனே பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் குற்றமாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். கவிக்குச் சரித்திரம் மூலப்பொருள். அதை அளந்து போடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு மனிதனை நீண்டநாள் அடைத்துவைத்தால் விடுதலையில் அவனுக்கு உள்ள ஆசையே செத்துப்போகும் என்கிற பயங்கரமான உண்மையை, சிறையில் ஒரு நாளும் இருந்திராத பைரன் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். கவிதையின் கடைசிப் பகுதி அதனால்தான் நிற்கிறது. தொடக்கத்தில் வருகிற தகப்பனும் நெருப்பும் எந்த மூன்றாந்தரக் கவியும் செய்யக்கூடியவை.

ஆனால் பைரன் அத்தோடு விடவில்லை. பொனிவாரின் கதை தெரிந்தபிறகு, பதினான்கு வரியில் ஒரு தனிப் பாட்டு எழுதி முன்னால் சேர்த்தார். அதில் சுதந்திரம் சிறையில்தான் பிரகாசிக்கிறது. ஷில்லான் புண்ணியஸ்தலம் ஆகிறது. அதன் தரையே பலிபீடம் ஆகிறது. முழங்குகிற பாட்டு. மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஒரே புத்தகத்தில் பக்கம் பக்கமாக அச்சாகியிருக்கிற இந்த இரண்டு பாட்டுகளும் ஒன்றை ஒன்று மறுக்கின்றன என்பதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. நீண்ட பாட்டில் சிறை மனிதனைத் தின்றுவிடுகிறது. சின்னப் பாட்டில் சிறை மனிதனைத் தெய்வமாக்குகிறது. உலகம் சின்னப் பாட்டை எடுத்துக்கொண்டது. அது வசதியானது. சிறை மனிதனைத் தெய்வமாக்குமானால், சிறை வைத்தவனைப்பற்றி அதிகமாகக் கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா? 1834இல் ஓவியர் தெலாக்ருவா வரைந்த படம் நீண்ட பாட்டுக்கு நெருக்கமானது. சங்கிலி எட்டாத தூரத்தில் தம்பி செத்துக்கொண்டிருக்க, அண்ணன் உடம்பு முழுவதையும் முன்னால் வீசி இழுக்கிறான். ஓவியனுக்குத் தெய்வம் தேவைப்படவில்லை. சங்கிலியின் நீளம் போதுமாக இருந்தது.

பொனிவார் என்ன சொன்னார்? இந்தக் கேள்வியை ஷில்லானுக்கு வருகிறவர்கள் கேட்பதே இல்லை. பிற்காலத்தில் ஜெனீவா நகரத்தின் சரித்திரத்தை எழுதும்படி நகர சபை அவரைக் கேட்டுக்கொண்டது, எழுதினார். உயிரோடிருந்தவரையில் அது அச்சேறவில்லை. அதில் தம் சிறைவாசத்தைப்பற்றி அவர் சொல்வது கொஞ்சம்தான். நடப்பதற்கு எனக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. நடந்து நடந்து, சம்மட்டியால் அடித்ததுபோலப் பாறையில் ஒரு சிறு தடம் போட்டுவிட்டேன் என்கிற அர்த்தத்தில் எழுதுகிறார். புலம்பல் இல்லை, முழக்கம் இல்லை. வாய்க்குள் சிரித்துக்கொண்டு சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை. எனக்கு இது பைரனுடைய நானூறு சொச்ச வரிகளுக்குச் சமமாகப்படுகிறது. நான்கு வருஷத்தைப் பாறையில் ஒரு தடமாகக் குறுக்கிச் சொல்லிவிடுகிற மனிதன் நல்ல வசனகர்த்தா என்பதில் சந்தேகம் என்ன?

வெளியே வந்தபின் அவர் வாழ்க்கை இன்னும் ஸ்வாரஸ்யமானது. விட்டுப்போன ஜெனீவா இப்போது கால்வினின் ஜெனீவா. அவருடைய மடத்தை இடித்துவிட்டார்கள். நகரம் பென்ஷன் கொடுத்தது. கூடவே கண்காணிப்பும் வைத்தது. பகடை ஆடினதற்காக மதசபையின் முன்னால் நின்று கண்டனம் வாங்கிக்கொண்டார் அந்தச் சுதந்திர வீரர். நான்கு தடவை கல்யாணம் செய்துகொண்டார். நான்காவது மனைவி முன்னாள் கன்னிகாஸ்திரீ. அவள் சோரம் போனாள் என்று தீர்ப்புச் சொல்லி, 1565இல் அவளைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கிழவர் அதற்குப் பின்னும் ஐந்து வருஷம் இருந்து 1570இல் இறந்தார். நகரத்துக்கு அவர் விட்டுப்போன சொத்தில் மதிப்புள்ளது புத்தகங்கள்தான். ஜெனீவாவின் பொது நூலகம் தொடங்கியபோது அவையும் அதில் சேர்ந்தன. சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவன், சுதந்திரம் வந்த ஊரில் பகடைக்குக் கணக்குச் சொல்லி, மனைவி தண்ணீரில் முக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதை எழுதியிருந்தால் பெரிய நாவல். ஆனால் அந்த நாவலுக்கு ஷில்லானில் தூண் கிடையாது.

விடுவித்த பெர்ன்காரர்கள் கதை என்ன? கோட்டையை விட்டுப் போகவில்லை. வோ நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். 1798 வரை, 262 வருஷம், வோ மக்களை ஆண்டார்கள். ஷில்லான் சுவர்களில் இன்றும் பெர்னின் கரடிச் சின்னத்தைப் பார்க்கலாம். பெர்னின் ஆட்சி போகட்டும் என்று 1723இல் லோஸானுக்குப் படையோடு வந்த மேஜர் தவேலைத் தலை வெட்டினார்கள். பிரெஞ்சுப் புரட்சியை விருந்து வைத்துக் கொண்டாடினவர்கள்மேல் 1791இல் பாய்ந்து, சிலரைப் பிடித்து வைத்த இடம் இதே ஷில்லான். பொனிவாருக்குக் கதவைத் திறந்துவிட்ட கைதான் அதே கதவை இவர்களுக்குச் சாத்திற்று. பைரன் சின்னப் பாட்டை எழுதும்போது இது நடந்து கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. நிலவறைகளுக்கு எஜமான் மாறுவது உண்டு, தொழில் மாறுவதில்லை.

ஆனால் ஷில்லானில் என்னைப் பிடித்து நிறுத்தியது பொனிவாருக்கு இரு நூற்றாண்டுகள் முந்தின சம்பவம். 1348. ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்த வருஷம். யூதர்கள் கிணறுகளில் விஷம் போடுவதால்தான் நோய் வருகிறது என்று புரளி கிளம்பிற்று. ஸவாய்ப் பிரபுவின் நாட்டில் யூதர்கள் சிலரைப் பிடித்து ஷில்லானில் அடைத்தார்கள். செப்டம்பர் மாதம் விசாரணை. அவர்களில் ஒருவர் ஏரிக்கு அக்கரையில் தோனோன் ஊரில் இருந்த ரண வைத்தியர். பத்திரத்தில் பாலவிஞி என்று பெயர் காண்கிறது. கொஞ்ச நேரம் சித்திரவதை செய்தோம், இறக்கிவிட்டபின் வெகுநேரம் கழித்து ஒப்புக்கொண்டார் என்று பத்திரமே சொல்கிறது. அப்புறம் அவரைப் படகில் ஏற்றிப் பக்கத்துக் கிளாரான் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். விஷம் போட்ட ஊற்றைக் காட்டு என்றார்கள். காட்டினார். நோட்டரி ஒருவர் முன்னிலையில் தேடினார்கள். ஒரு துண்டுத் துணி கிடைத்தது. விஷம் கட்டியிருந்த துணி இதுதான் என்று எழுதிக்கொண்டார்கள்.

எந்த ஊற்றில் ஒரு துண்டுத் துணி கிடைக்காது? ஷில்லான் அதிகாரி இந்த வாக்குமூலங்களுக்கு நகல் எடுத்து, கேட்டிருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்கு அனுப்பினார். 1349 பிப்ரவரி 14ஆம் தேதி ஸ்ட்ராஸ்பர்கில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்துக் கொன்றார்கள். அங்கே இன்னும் கொள்ளைநோய் வந்துகூடச் சேரவில்லை. நகல் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

கிளாரான் என்ற பெயரை ரூஸோவைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஜூலியின் கிராமம் அதுதான். 1761இல் நாவல் வெளிவந்த பிறகு ஐரோப்பாவின் காதலர்கள் எல்லாம் அதைத் தேடிக்கொண்டு வந்தார்கள். பைரனும் ஷெல்லியும் அங்கே நடந்து உருகினார்கள். ஒரே தண்ணீர். அதே படகுத்துறைக்கு ஒரு வைத்தியனை இழுத்துக்கொண்டு வந்தார்கள் என்பதை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. ஒரு நிலப்பகுதியை ஒரு நாவல் அழகாக்கும்போது எவ்வளவு ஆழமாகப் புதைத்துவிடுகிறது பாருங்கள்!

பாலவிஞியின் வார்த்தைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பொனிவாரின் வார்த்தைகளைவிட நிறையவே கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை அவருடையவை அல்ல. கேட்டவன் கேட்டதை அவர் வாயால் சொல்லவைத்து, எழுதினவன் தன் பாஷையில் எழுதிக்கொண்டான். பின்னால் பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளில் பெர்ன் ஆட்சியில் சூனியக்காரிகள் என்று பிடித்துவந்த பெண்கள் விஷயமும் இதேதான். வோ நாட்டில் அப்படிக் கொல்லப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஆண்களும் அதில் உண்டு. ஷில்லானிலும் அப்படிப்பட்டவர்களை அடைத்து விசாரித்தார்கள். சைத்தானை எங்கே சந்தித்தாய், என்ன நிற உடை போட்டிருந்தான் என்று கேட்டால், வலி பொறுக்காதவள் ஒரு நிறத்தைச் சொல்லத்தான் செய்வாள். உலகத்தில் முதல் முதலாகக் கதை எழுதும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் இவர்களாக இருக்கலாம்.

கோட்டையைப் பார்த்துக்கொள்கிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1887இல் தொடங்கிய சங்கமும், பின்னால் பொறுப்பேற்ற ஆல்பர்ட் நேஃப் என்கிற ஆராய்ச்சியாளரும் ஒவ்வொரு கல்லையும் படித்துப் பழுதுபார்த்திருக்கிறார்கள். எதையும் மறைக்கவும் இல்லை. ஆனால் நிலவறைக்குள் இறங்குகிற கூட்டத்தின் கண் நேராகப் போவது மூன்றாவது தூணுக்கு. அங்கே பைரன் என்ற பெயர் செதுக்கியிருக்கிறது. அதை யாரும் தொட்டு அழிக்காதபடி பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவர் கையாலேயே செதுக்கினாரா என்பதுகூட நிச்சயம் இல்லை. நான் அங்கே அரைமணி நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துக் கோஷ்டி வந்தது. வாத்தியார் பெயரைக் காட்டினார். பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். வயதான தம்பதிகள் வந்தார்கள். பெயரைத் தேடிக் கண்டுபிடித்துத் திருப்தியோடு போனார்கள். ஒரு மழை நாளில் வந்து, பார்த்துவிட்டு, ஹோட்டலுக்குத் திரும்பியவரின் பெயர் தூணில் இருக்கிறது. அந்தத் தூண்களோடு வருஷக்கணக்கில் இருந்தவர்களின் பெயரை யாரும் தேடுவதாகக் காணோம்.

ஷில்லானிலிருந்து ரெயிலேறி, ஏரியை ஒட்டியே மேற்கே போனால், லோஸானைத் தாண்டி நியோன் வரும். நியோனுக்குப் பக்கத்தில் பிராஞ்ஜான் அரண்மனை. 1730களில் ஒரு பாங்கிக்காரக் குடும்பம் கட்டியது. கொத்தளம் கிடையாது, மலர்களும் காய்கறித் தோட்டமும் உண்டு. வால்டேர் இங்கே ஒரு குளிர்காலம் தங்கினார். நெப்போலியனின் அண்ணன் ஜோஸஃப் சில காலம் சொந்தக்காரராக இருந்தார். 1998 முதல் ஸ்விஸ் தேசிய மியூஸியத்தின் பிரெஞ்சுப் பகுதிக் கிளை இது. பெரிய மனிதர்களின் சாப்பாட்டு மேஜை, தூக்க அறை, விக் வைக்கிற இடம் எல்லாம் இருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்துவிடலாம். எனக்கு அங்கே முக்கியமாகப்பட்டது துணி.

பூவேலைப் பருத்தித் துணிக்குப் பிரெஞ்சில் இந்தியென் என்று பெயர்; அதாவது இந்தியத் துணி. நம்முடைய சோழமண்டலக் கரையில் மெழுகிட்டு, படிகாரம் ஏற்றி, சாயவேரின் சிவப்பில் தோய்த்து, கையால் எழுதிய துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போயின. எத்தனை தோய்த்தாலும் நிறம் போகாத துணியை அவர்கள் அதுவரை கண்டதில்லை. பைத்தியமாக வாங்கினார்கள். தங்கள் பட்டு, கம்பளித் தொழில் கெடுகிறது என்று பிரான்ஸ் 1686இல் அதைத் தடை செய்தது. தடை 1759 வரை இருந்தது. பிரான்ஸில் மதத்துன்பம் பொறுக்காமல் ஓடிவந்த புரொட்டஸ்டண்டுகள் இந்தத் தொழிலை ஜெனீவாவிலும் நூஷாத்தெலிலும் தொடங்கினார்கள். 1752இல் தொடங்கிய கோர்த்தயோ தொழிற்சாலை ஐரோப்பாவின் பெரிய துணி அச்சகங்களில் ஒன்றாக வளர்ந்தது. அந்தத் துணிகளில் ஒரு பகுதி பிரெஞ்சுத் துறைமுகமான நான்த் வழியாக ஆப்பிரிக்கக் கரைக்குப் போயிற்று. அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். 2018இல் இந்தத் துணிகளைப்பற்றி பிராஞ்ஜான் ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. அடிமை வியாபாரத்தையும் அதில் சொன்னது.

இதை நான் பாராட்டுகிறேன். மன்னர்களின் விக்கைக் காட்டுகிற இடத்தில் மனிதனை விலைக்கு வாங்கின துணியையும் காட்டத் துணிச்சல் வேண்டும். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அந்த மெல்லிய துணியைப் பார்த்தபோது அதே பழைய குறைதான் எனக்குத் தோன்றிற்று. வியாபாரியின் பெயர் இருக்கிறது. தொழிற்சாலையின் பெயர் இருக்கிறது. சேகரித்தவரின் பெயர் இருக்கிறது. எழுதினவன் பெயர் இல்லை. துணிக்குக் கைமாறின மனிதனின் பெயரும் இல்லை. மியூஸியத்தின் குற்றம் அல்ல; அந்தப் பெயர்களை அன்றைக்கே யாரும் குறித்துவைக்கவில்லை. ஒரு சித்திரக்காரனின் கையில் இருந்த ஆட்டம்கூடத் துணியில் ஒரு கொடியின் வளைவாக நிற்கிறது. அது மட்டும்தான் அவனுடைய கையெழுத்து.

திரும்பி வரும் வழியில் லோஸானில் இறங்கிப் பார்க்கவேண்டியது போல்யூ வீடு. பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை. ஓவியர் ழான் துபுஃபே தாம் 1945 முதல் சேர்த்த படைப்புக்களை 1971இல் லோஸான் நகரத்துக்குக் கொடுத்தார். 1976இல் அவை இங்கே மியூஸியமாகத் திறக்கப்பட்டன. ஆர் ப்ரூ என்று அவர் வைத்த பெயருக்குப் பதப்படுத்தாத கலை என்று அர்த்தம் சொல்லலாம். கலைப் பள்ளியைக் கண்ணால் பார்க்காதவர்கள், பைத்திய ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள், சிறையில் இருந்தவர்கள், ஊருக்கு ஒதுங்கிக் கிடந்தவர்கள் செய்தவை. உள்ளே சுவர்கள் கறுப்பு. வெளியே தோட்டத்து வெளிச்சத்திலிருந்து நுழைகிறவனுக்கு நிலவறையில் இறங்குகிற மாதிரிதான் இருக்கும்.

லோஸானிலேயே பிறந்த அலோயிஸ் கோர்பாஸ் என்ற பெண் ஜெர்மன் சக்கரவர்த்தியின் அரண்மனைப் பக்கத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியத்தின்மேல் மனத்துக்குள்ளேயே காதல். யுத்தத்தின்போது ஊர் திரும்பினாள். 1918இல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 1964இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. பொட்டலம் கட்டுகிற தாளை நூல்போட்டுத் தைத்துப் பெரிதாக்கி, வண்ணப் பென்ஸிலாலும் பூவிதழ்ச் சாற்றாலும் ராணிகளையும் காதலர்களையும் அரண்மனைகளையும் வரைந்தாள். முகங்களுக்கெல்லாம் நீலம் நிரம்பிய, கருமணி இல்லாத கண்கள். ஷில்லானின் ஜன்னலை உள்ளிருந்து வரைந்தால் இப்படித்தான் இருக்கும்போலும் என்று நினைத்தேன்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கிளெமான் ஃப்ரெஸ் என்பவரைப்பற்றி. பிரான்ஸில் லோஸேர் மலைநாட்டுக் குடியானவர் மகன், 1901இல் பிறந்தவர். இருபத்து நான்கு வயதில், வீட்டார் சேர்த்து வைத்திருந்த நோட்டுக்கட்டைக் கொளுத்தி வீட்டுக்கே தீ வைக்கப் பார்த்தார் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே ஒரு குறுகிய அறையில் தனியாக அடைத்துவைத்தார்கள். சுவர் மரப்பலகை. 1930, 31இல் அந்தப் பலகைகளைச் செதுக்க ஆரம்பித்தார். உளி கிடையாது; உடைந்த கரண்டிக் காம்பு. அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். மலஜலப் பாத்திரத்தின் கைப்பிடியை எடுத்துக்கொண்டார். கட்டம் கட்டமாக, கோவில் கதவைப்போல, ஒரு அங்குலம் விடாமல் செதுக்கினார். அந்தப் பலகைகளை அப்படியே கழற்றிக்கொண்டு வந்து இங்கே வைத்திருக்கிறார்கள்.

அதில் பெயர் செதுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சுதந்திரம் என்ற வார்த்தையும் இல்லை. அழுகையும் இல்லை. வேலை இருக்கிறது. பொனிவார் காலால் பாறையில் செய்ததை இவர் கையால் மரத்தில் செய்தார். இரண்டையும் பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயம் நிச்சயப்பட்டது. உள்ளே இருக்கிறவன் தன்னைப்பற்றிப் பேசும்போது வெளியே இருக்கிறவன் எதிர்பார்க்கிறதைப் பேசுவதில்லை. விசாரணைக்காரன் குற்றத்தை எதிர்பார்த்தான், அதை எழுதிக்கொண்டான். கவி மகிமையை எதிர்பார்த்தார், அதைப் பாடினார். இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளவேண்டாம். ஒருவன் கொன்றான், மற்றவர் இரங்கினார். வித்தியாசம் பூமிக்கும் வானத்துக்கும் உள்ளது. ஆனால் கைதியின் வாயில் தன் வார்த்தையை வைத்தது இருவருக்கும் பொது. நாவல் எழுதுகிறவர்கள் ராத்திரி தூங்கப்போகும்முன் நினைத்துப் பார்க்கவேண்டிய விஷயம் இது. ஏழையைப்பற்றியும் தண்டனை பெற்றவனைப்பற்றியும் நாங்கள் எழுதுகிற பக்கங்களில் எத்தனை அவர்களுடையவை?

அதற்காக எழுதாமல் இருந்துவிட முடியுமா? முடியாது. பைரன் எழுதியிராவிட்டால் அந்த நிலவறையைப் பார்க்க நானே போயிருக்கமாட்டேன். 1348ஐப்பற்றி அங்கே நின்று யோசித்திருக்கவும் மாட்டேன். நல்ல கவிதை ஒரு கதவைத் திறக்கிறது. அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவது வாசகனின் சோம்பேறித்தனம். ஷில்லானுக்குப் போகிற வாய்ப்பு யாருக்காவது கிடைத்தால் நான் சொல்லக்கூடியது இதுதான்: மூன்றாவது தூணைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு தரையைப் பாருங்கள், பொனிவார் நடந்த இடம். ஜன்னல் வழியே கிளாரான் திசையில் தண்ணீரைப் பாருங்கள். அடுத்த நாள் லோஸானுக்குப் போய், கரண்டிக் காம்பால் செதுக்கிய பலகைகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு பைரனை மறுபடியும் எடுத்து, சின்னப் பாட்டை விட்டுவிட்டு, நீண்ட பாட்டின் கடைசிப் பகுதியை மட்டும் படித்துப்பாருங்கள். முன்னைவிட நல்ல கவிதையாக அது இருப்பதைக் காண்பீர்கள்.